ஞாயிறு காலைக் காட்சிக்கு விருதுப் படங்கள்: எப்படித் தேர்ந்தெடுப்பது?

தறிமேடை

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தை அடுத்து, பட்டு நெசவாளர் குடும்பங்கள் நிறைந்த ஓர் ஊரில் ஒற்றைத் திரைக் கொட்டகை ஒன்றை நடத்தி வருகிறோம். தாத்தா காலத்தில் கீற்றுக் கொட்டகையாக இருந்தது, அப்பா காலத்தில் கட்டடமாயிற்று; பிறகு ஃபிலிம் புரொஜெக்டரை எடுத்துவிட்டு டிஜிட்டலுக்கு மாறினோம். முந்நூறுக்குச் சற்றுக் குறைவான இருக்கைகள் உள்ளன. பெரிய நடிகர்களின் படங்கள் வரும் வாரங்களில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மற்ற வாரங்களில் ஞாயிறு காலைக் காட்சிக்கு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கூட்டத்துக்கு ஏ.சி. போட்டால் மின்கட்டணத்துக்கே கட்டாது.

வரும் தை மாதம் தொடங்கி, மாதத்தில் இரண்டு ஞாயிறுகளின் காலைக் காட்சியைத் தேசிய விருது பெற்ற தமிழ்ப் படங்களுக்கென ஒதுக்கிவிடலாம் என்று எண்ணுகிறேன். 1954ஆம் ஆண்டின் படங்களுக்கான விருதுகளில் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற ‘மலைக்கள்ளன்’ முதல், ‘உன்னைப்போல் ஒருவன்’, ‘தண்ணீர் தண்ணீர்’, ‘வீடு’, ‘மறுபக்கம்’, ‘காஞ்சிவரம்’, ‘காக்கா முட்டை’, ‘விசாரணை’, ‘டூலெட்’ வரை ஆண்டு வரிசைப்படி ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். நல்ல படங்களைப் பெரிய திரையில் பார்க்கும் வாய்ப்பு எங்கள் ஊர்க்காரர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர இதில் வேறு நோக்கம் எனக்கு இல்லை.

ஆனால் எங்களிடம் நெடுங்காலமாக டிக்கெட் கொடுத்து வரும் பெரியவர், பட்டியலைப் பார்த்ததும், “அவார்டு படம்னு போஸ்டர் ஒட்டினா வர்றவங்களும் வர மாட்டாங்க தம்பி” என்று சொல்லிவிட்டார். அவர் சொல்லைத் தள்ளிவிட முடியவில்லை. விருது பெற்றது என்ற ஒரே தகுதியை வைத்துப் படங்களைத் தேர்ந்தெடுப்பது சரியா? பழைய படங்களைத் திரையிடும் உரிமையை யாரிடம் பெறுவது? கட்டணம் வைப்பதா, இலவசமாகக் காட்டுவதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வெண்திரை நேயன்

வணக்கம் நண்பரே. கோவையில் ஒரு திரைப்படக் கழகத்தில் படங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் நீண்ட காலமாக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டுமே விரிவாகப் பதில் சொல்ல முடியும். உரிமை, கட்டணம் பற்றியெல்லாம் தொழிலில் இருப்பவர்கள் சொல்வதே சரியாக இருக்கும்.

விருது எப்படி முடிவாகிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். தேசிய விருதுக்கு ஒரு படம் அந்த ஆண்டு ஜனவரி முதல் டிசம்பருக்குள் தணிக்கைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும், தயாரிப்பாளர் விண்ணப்பித்திருக்க வேண்டும். ஐந்து வட்டாரக் குழுக்கள் முதலில் பார்த்துப் பரிந்துரைக்க, மையக் குழு இறுதி முடிவை எடுக்கிறது. ஆக, குறிப்பிட்ட சிலர், குறிப்பிட்ட சில வாரங்களில், தங்கள் முன் வந்த படங்களைப் பார்த்துச் சொன்ன தீர்ப்புதான் அது. அந்தத் தீர்ப்பு மயிரிழையில் மாறியிருக்கவும் கூடும். 1992ஆம் ஆண்டின் படங்களுக்கான இசை விருதில் ‘தேவர் மகன்’ படத்துக்காக இளையராஜாவும் ‘ரோஜா’ படத்துக்காக ஏ.ஆர். ரகுமானும் சமமான வாக்குகளோடு நின்றபோது, குழுத் தலைவராக இருந்த தாம் தம் வாக்கை ரகுமானுக்கு அளித்ததாகப் பாலு மகேந்திராவே பின்னாளில் பேசியிருக்கிறார். வெளிநாட்டு விருதுகளிலும் இப்படித்தான். பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ 2024இல் கான் விழாவின் கிராண்ட் ப்ரீ பரிசைப் பெற்றது. அதே ஆண்டில் ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பும் படத்தைத் தேர்ந்தெடுத்த குழு, அதை விட்டுவிட்டு ‘லாபத்தா லேடீஸ்’ படத்தை அனுப்பியது. ஒரே படம், ஓராண்டுக்குள் இரண்டு குழுக்கள், இரண்டு தீர்ப்புகள். இதில் எந்தக் குழுவையும் நான் குறை சொல்லவில்லை. விருதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு அதன்மேல் ஒரு திட்டத்தைக் கட்டினால், பார்வையாளர்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஏற்கெனவே தீர்ப்பான வழக்கைக் கேட்க யார் காலையில் எழுந்து வருவார்கள்?

எனவே விருதுப் பட்டியலை எங்கே தேடுவது என்பதற்கான கைகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, படங்களை அவற்றின் பொருளை வைத்து அடுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள். ஆண்டு வரிசை எங்களைப் போன்றவர்களின் ஆவணத்துக்கு உதவும், கொட்டகைக்கு உதவாது.

உங்கள் பட்டியலிலேயே இரண்டு இணைகள் தயாராக இருக்கின்றன. ‘வீடு’ படத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் சிறுகச் சேர்த்தும் கடன் வாங்கியும் வீடு கட்ட முயல்கிறாள். செழியனின் ‘டூலெட்’ படத்தில் ஓர் இளம் தம்பதி குழந்தையோடு வாடகைக்கு வீடு தேடி அலைகிறார்கள். இரண்டு படங்களும் வெவ்வேறு ஆண்டுகளில் சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருது பெற்றவை, இரண்டிலும் பாடல் இல்லை, இரண்டும் சென்னையில் நடப்பவை. நடுவில் முப்பது ஆண்டுகள். அடுத்தடுத்த காட்சிகளில் இவற்றைப் பார்க்கிறவர், குழுக்கள் என்ன சொல்லின என்பதை மறந்துவிட்டு, வீட்டுக்கடன், மேஸ்திரி, அட்வான்ஸ் தொகை, சாதி விசாரிக்கும் வீட்டுக்காரர் என்று தம் அனுபவத்திலிருந்து பேசத் தொடங்குவார். ‘வீடு’ படத்தில், பாதி கட்டி நிற்கும் வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வந்து, பூசாத சுவர்களைத் தொட்டுத் தடவிக்கொண்டு அறை அறையாக நடக்கும் கட்டம் ஒன்று உண்டு. சொக்கலிங்க பாகவதரின் அந்த விரல்களைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும்; தொலைக்காட்சியில் அது பாதிதான் தெரியும்.

மற்றோர் இணை, ‘தண்ணீர் தண்ணீர்’ படத்தோடு பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’. இது உங்கள் பட்டியலில் இல்லை. 2021இல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருது பெற்று, இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பப்பட்ட இந்தப் படம் நம் ஊர்த் திரையரங்குகளுக்கு வராமல் 2023இல் நேரடியாக ஓடிடியில் வெளியானது. வறண்ட நிலத்தில் தகப்பனும் மகனும் வெயிலில் நடப்பதுதான் படம் முழுவதும். ஊற்றுக் குழியில் சுரக்கும் தண்ணீரைப் பெண்கள் மொண்டு மொண்டு குடத்தில் நிரப்பும் கட்டத்தோடு முடிகிறது. கைப்பேசியில் பார்த்தவர்களுக்கு அந்த நிலம் எவ்வளவு பெரியது என்பது தெரிந்திருக்காது.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, தொடக்கப் படமாகப் பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படத்தை வையுங்கள். ‘மறுபக்கம்’ படத்துக்குப் பிறகு, நாட்டின் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்ற இரண்டாவது தமிழ்ப் படம் அது என்பது ஒருபுறம் இருக்கட்டும். மகளின் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை நெய்ய, முதலாளியின் பட்டு இழைகளை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு வெளியே வரும் ஒரு நெசவாளியின் கதையைத் தலைமுறை தலைமுறையாகத் தறியில் உட்கார்ந்தவர்கள் பார்க்கப்போகிறார்கள். பிரகாஷ்ராஜ் தறியில் உட்காரும் முறை சரியா, அந்தக் காலத்துக் கூலிக் கணக்கு பொருந்துகிறதா, கூட்டுறவுச் சங்கம் வந்த கதை அப்படித்தானா என்பதை எந்தத் தேர்வுக் குழுவைவிடவும் உங்கள் ஊர்க்காரர்கள் நன்றாகச் சொல்வார்கள். அவர்கள் குறை சொன்னாலும் அதுதான் உங்களுக்கு வேண்டிய பேச்சு.

பழைய பெட்டி

நான் திருச்சியில் விநியோக அலுவலகங்களில் வேலை பார்த்தவன். மேலே நண்பர் படத்தைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார். படம் கைக்கு வந்து சேரும் வழியை நான் சொல்கிறேன்.

முதலில், எந்தப் படத்தின் பெயரையும் உரிமை எழுத்தில் கைக்கு வரும் முன்பு போஸ்டரில் போட்டுவிடாதீர்கள். பழைய படங்களுக்கு நெகடிவ் உரிமை, அதாவது படத்தின் மூல உரிமை, யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை. தயாரிப்பாளர் காலமாகியிருப்பார், வாரிசுகள் விற்றிருப்பார்கள், வாங்கியவர் தொலைக்காட்சி உரிமை மட்டும் வாங்கியிருப்பார். திருச்சி, தஞ்சை வட்டாரமான டி.டி. ஏரியாவின் உரிமை தம்மிடம் இருப்பதாக ஒருவர் சொன்னால், அது இன்றும் நடப்பில் உள்ளதா என்று பத்திரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். ‘மறுபக்கம்’ தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தயாரிப்பு; அரசு நிறுவனம் என்பதால் ஒரு கடிதத்தில் விவரம் தெரிந்துவிடும். ‘வீடு’ விஷயத்தில், மூலப் படச்சுருள் கெட்டுப்போனதைப் பற்றி அதை இயக்கிய பாலு மகேந்திராவே வருந்திப் பேசியிருக்கிறார். ஆகவே கிடைக்கிற பிரதி பெரிய திரையைத் தாங்குமா என்பதை நீங்களே ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள். ‘கூழாங்கல்’ ஓடிடியில் இருக்கிறது என்பதற்காக அதிலிருந்து எடுத்துத் திரையிட முடியாது. தயாரிப்பாளரிடம் திரையரங்கக் காட்சிக்கென்று தனியே ஒப்புதல் வாங்க வேண்டும். யூடியூபில் உள்ள பிரதிகளுக்கும் இதே கதைதான். இலவசமாகக் காட்டினாலும் அனுமதி அனுமதிதான்.

இரண்டாவது, தணிக்கைச் சான்றிதழ். படம் ஓட்டுவதற்கான சி ஃபார்ம் உரிமம் பெற்ற கொட்டகையில் சான்றிதழ் இல்லாத படத்தை ஓட்டக் கூடாது. திரைப்பட விழாக்களுக்கு அமைச்சகம் தரும் விலக்கைப் பார்த்துவிட்டு, நாமும் ஈரானியப் படம், கொரியப் படம் போடலாம் என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். வாராந்திரக் காட்சிக்கு அந்த விலக்கு பொருந்தாது. விருதுப் படங்களில் வெட்டு வாங்கிய பிரதி, வாங்காத பிரதி என்று இரண்டும் சுற்றும். சான்றிதழில் உள்ள நீளமும் கையில் உள்ள பிரதியின் நீளமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. அந்தக் காலத்தில் படப்பெட்டி பேருந்தில் வந்து இறங்கினால் காட்சி உறுதி. இன்று ஹார்ட் டிஸ்க் முன்கூட்டியே வந்துவிடும், அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவியான கேடிஎம் வராவிட்டால் திரையில் ஒன்றும் வராது. கேடிஎம் உங்கள் சர்வரின் எண்ணுக்கும் குறிப்பிட்ட நாள், நேரத்துக்கும் மட்டுமே செல்லும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது வேலை செய்யவில்லை என்றால் எந்த அலுவலகத்திலும் போனை எடுக்க மாட்டார்கள். ஒரு கொட்டகையில் இப்படி ஒரு சிறப்புக் காட்சிக்கு வந்த கூட்டம் வெகுநேரம் காத்திருந்து கலைந்து போனதைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அந்தக் கொட்டகையில் சிறப்புக் காட்சி என்றாலே யாரும் வருவதில்லை. வெள்ளி இரவிலிருந்தே செல்லுபடியாகும்படி கேடிஎம் கேளுங்கள், சனிக்கிழமை கடைசி ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடமாவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கட்டணம் கட்டாயம் வையுங்கள். வசூலில் பங்கு பிரிக்கும் ஷேர் கணக்கு இத்தகைய காட்சிகளுக்கு ஒத்துவராது. ஃபிக்ஸட் ஹயராக ஒரு தொகை பேசி முடித்தால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு வராது. டிக்கெட்டை நூறு ரூபாய்க்குள் வைத்தால் ஜிஎஸ்டியும் குறைந்த விகிதத்தில் முடிந்துவிடும்.

கரும்பலகை

நான் அரசுப் பள்ளித் தமிழாசிரியை. வெண்திரை நேயன் ஐயா எழுதியவற்றில் பெரும்பாலானவை எனக்கு உடன்பாடே. ஆனாலும் விருதின் மதிப்பை அவர் சற்று அதிகமாகவே குறைத்துவிட்டார் என்று நினைக்கிறேன். எங்களைப் போன்ற ஊர்களில் ஒரு சிறிய படத்தின் பெயர் காதில் விழுவதே விருதால்தான். ‘காக்கா முட்டை’ 2015 ஜூன் மாதம் வெளியாவதற்கு முன்பே சிறந்த குழந்தைகள் படத்துக்கான விருதும், அதில் நடித்த இரண்டு சிறுவர்களுக்குச் சிறந்த குழந்தை நட்சத்திர விருதும் அறிவிக்கப்பட்டுவிட்டன. பெரிய கதாநாயகனை நம்பாத அந்தப் படத்துக்குக் குடும்பங்கள் திரண்டு வந்ததில் அந்தச் செய்திக்கும் பங்கு உண்டு. பீட்சா கடை வாசலில் அந்தச் சிறுவர்களை விரட்டி அடிக்கும் இடத்தில் என் பக்கத்து இருக்கைப் பெண்மணி வாய்விட்டுத் திட்டியது இன்னும் நினைவில் இருக்கிறது. அவர் விருதுப் படம் என்று நினைத்துக்கொண்டா பார்த்தார்?

‘அவார்டு படம்’ என்றால் மெதுவாக நகரும், அழவைக்கும், புரியாது என்ற எண்ணத்தை முதலில் உடைக்க வேண்டும். அதற்கு, கொண்டாடப்பட்ட படங்களையும் இந்தத் திட்டத்துக்குள் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. எம்.ஜி.ஆருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக. ‘மூன்றாம் பிறை’, ‘சிந்து பைரவி’, ‘முதல் மரியாதை’, ‘ஆடுகளம்’ எல்லாம் மக்கள் பார்த்த படங்கள், விருதும் பெற்றவை. 1987ஆம் ஆண்டின் படங்களில், சிறந்த தமிழ்ப் படம் ‘வீடு’, சிறந்த நடிகை அதே படத்தின் அர்ச்சனா. சிறந்த நடிகர் ‘நாயகன்’ கமல்ஹாசன், ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்குமான விருதுகளும் ‘நாயகன்’ படத்துக்கே. ஒரே ஆண்டின் விருதுகளில் ஒரே மொழியிலிருந்து இந்த இரண்டு படங்களும் இருந்தன என்பதை என் மாணவிகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ‘வீடு’ படத்தை ‘டூலெட்’ படத்தோடு சேர்ப்பதைவிட ‘நாயகன்’ படத்தோடு சேர்ப்பதையே நான் விரும்புவேன்.

விருது கிடைக்காதவர்களையும் மறக்கக் கூடாது. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காகச் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிவாஜி கணேசனுக்கு நம் நாட்டின் சிறந்த நடிகர் விருது ஒருமுறைகூட வழங்கப்படவில்லை. இந்தக் குறை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மனத்தில் இன்றும் ஆறவில்லை. அவருடைய படம் ஒன்றையும் போட்டு, இதைப் பற்றி அவர்களைப் பேசவிட்டால் அரங்கு நிறையும்.

ஒரு நடைமுறை விஷயம். ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் பெண்களால் வீட்டைவிட்டு வர முடியாது. கறி வாங்கி வந்து சமைத்து முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடும். ‘வீடு’ படமும், வறுமையில் உழலும் ஒரு பெண்ணாக ஷோபா நடித்து விருது பெற்ற ‘பசி’ படமும் யாருக்காகத் திரையிடப்பட வேண்டுமோ அவர்களே வர முடியாத நேரம் அது. இரண்டு காட்சிகளில் ஒன்றையாவது சனிக்கிழமை மேட்னிக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

தறிமேடை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அம்மா சொன்ன நேர விஷயத்தை வீட்டில் சொன்னதும், “இதை நான் சொன்னால் கேட்டிருப்பாயா?” என்று என் மனைவி கேட்டார். மாதத்தின் முதல் காட்சியைச் சனிக்கிழமை மேட்னிக்கும், இரண்டாவது காட்சியை ஞாயிறு காலைக்கும் மாற்றிவிட்டேன்.

ஆண்டு வரிசையைக் கைவிட்டாயிற்று. தொடக்கம் ‘காஞ்சிவரம்’. நூல் சாயம் போடுகிறவர் ஒருவரிடமும், தறியை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்த் திரும்பி வந்த ஒருவரிடமும் படம் முடிந்ததும் சில நிமிடங்கள் பேசக் கேட்டிருக்கிறேன், இருவரும் ஒப்புக்கொண்டார்கள். மாசியில் ‘தண்ணீர் தண்ணீர்’, ‘கூழாங்கல்’. பங்குனியில் தேர்வுக் காலம் என்பதால் ‘ரிக்‌ஷாக்காரன்’ மட்டும். பள்ளி விடுமுறை தொடங்கியதும் ‘காக்கா முட்டை’. அதன் பிறகு ‘வீடு’, அதற்கு இணையாக ‘நாயகன்’ படத்தையும் ‘டூலெட்’ படத்தையும் சேர்த்து மூன்று காட்சிகளாகவே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. இணை இரண்டாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லையே. சிவாஜி படம் எது என்பதை டிக்கெட் கொடுக்கும் பெரியவரிடமே விட்டுவிட்டேன், அவர் இன்னும் முடிவுசெய்யவில்லை. உரிமை கைக்கு வந்த வரிசையில் இவை முன்பின்னாகலாம். ‘மறுபக்கம்’ படத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். போஸ்டரில் விருது முத்திரை போடாமல், கதையை இரண்டு வரியில் மட்டும் எழுதலாம் என்பது என் எண்ணம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஆனி மாதக் கடைசியில், இந்தப் படங்களுக்குள் எது சிறந்தது என்று பார்வையாளர்களிடமே சீட்டு வாங்கி, எங்கள் ஊரின் சார்பில் ஒரு பாராட்டுக் கடிதத்தை அந்தப் படக்குழுவுக்கு அனுப்பலாம் என்று இளைஞர்கள் சிலர் சொல்கிறார்கள். இது பொருத்தமா?

வெண்திரை நேயன்

மிகவும் பொருத்தம். மூன்று காட்சிகளாக வைப்பது என் யோசனையையும் அம்மையாரின் யோசனையையும்விடச் சிறந்தது.

சீட்டு வாங்குவதில் ஒரே ஒரு விதியைக் கண்டிப்பாக வையுங்கள். ஆஸ்கர் விருதுகளை வழங்கும் அகாடமி, ஒரு பிரிவில் பரிந்துரையான எல்லாப் படங்களையும் பார்த்த உறுப்பினர்களே அந்தப் பிரிவின் இறுதி வாக்கெடுப்பில் பங்கேற்கலாம் என்ற விதியை 2025ஆம் ஆண்டில்தான் கொண்டுவந்தது. அதுவரை பல பிரிவுகளில் பார்க்காமலே வாக்களிக்க இடம் இருந்தது. உங்கள் கொட்டகையில் முதல் காட்சியிலிருந்தே இதைச் செய்துவிடலாம். தொடர் முழுவதற்கும் ஓர் அட்டை கொடுத்து, ஒவ்வொரு காட்சிக்கும் வாசலில் ஒரு துளை போடுங்கள். எல்லாத் துளைகளும் உள்ள அட்டைக்கு மட்டுமே சீட்டு. ஒரு காட்சியைத் தவறவிட்டவர்களுக்காக, தொடரின் முடிவில் எந்தப் படத்தை அதிகம் பேர் தவறவிட்டார்களோ அதை மட்டும் மறுபடி ஒருமுறை ஓட்டலாம். அந்த மறுகாட்சிக்கும் சேர்த்தே உரிமைக்காரரிடம் இப்போதே பேசிவைத்துவிடுங்கள். பிறகு தனியாகக் கேட்டால் தனியாகத் தொகை கேட்பார்கள்.